பிடிப்பது மரை, அடைப்பது வளையம்

புகை சூழ்ந்த கட்டடத்துக்குள் நுழையும் தீயணைப்பு வீரரின் முதுகில் ஓர் உருளை கட்டியிருப்பதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்த உருளைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் உங்களில் பலர் தயங்காமல் 'ஆக்சிஜன்' என்பீர்கள். கல்லூரிக்கு வரும் மாணவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் அநேகமாக அது வெறும் காற்று. நீங்களும் நானும் இப்போது மூச்சு வாங்கிக் கொண்டிருக்கும் அதே காற்று. ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன். ஒரே வேறுபாடு, அது 200 அல்லது 300 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது என்பதே. 1943-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் உருவாக்கிய மூழ்குகருவி தொடங்கி இன்றுவரை, கடலடியில் நீந்துவோர் பெரும்பாலும் சுமந்து செல்வதும் இத்தகைய காற்றையே.

இந்தக் காற்றை உருளைக்குள் அடைக்கும் எந்திரத்தைக் காற்றமுக்கி என்று பாடநூலிலும் கம்ப்ரசர் என்று பட்டறையிலும் சொல்கிறோம். அது காற்றை ஒரே மூச்சில் 200 மடங்கு அமுக்கி விடுவதில்லை. மூன்று அல்லது நான்கு படிகளில் அமுக்குகிறது. ஒவ்வொரு படிக்குப் பிறகும் சூடான காற்றைக் குளிர்விக்கிறது. கடைசியில் காற்று தடித்த உலோகச் சுவர் கொண்ட குழல் ஒன்றுக்குள் நுழைகிறது. அதுதான் வடிகட்டி. அதன் வயிற்றுக்குள் மாற்றத்தக்க ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கும். ஈரத்தைப் பிடிக்கும் மூலக்கூறு சல்லடை, எண்ணெய் ஆவியையும் நாற்றத்தையும் பிடிக்கும் கிளர்வூட்டிய கரி ஆகியவை அதில் நிரப்பப்பட்டிருக்கும். சிலவற்றில் கார்பன் மோனாக்சைடை மாற்றும் வினையூக்கியும் இருப்பதுண்டு. கார்ட்ரிட்ஜை மாற்றுவதற்கு வசதியாகக் குழலின் மேல்மூடி மரையிட்டுத் திருகப்பட்டிருக்கும். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம்.

இவ்வளவுதான் பொருள். ஒரு மரை, ஒரு வளையம். இந்த இரண்டையும் பற்றி அறிவியல் மாத இதழில் என்ன எழுதக் கிடக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். என் சக ஆசிரியர் ஒருவர் அப்படித்தான் நினைத்தார். "இதெல்லாம் ஐ.டி.ஐ. மாணவர் படிக்க வேண்டியதையா, இயற்பியலுக்கு இதில் என்ன வேலை?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்கடற்கரை ஊர் ஒன்றில், மூழ்குவோருக்கு உருளை நிரப்பித் தரும் ஓரிடத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். எந்திரம் ஓடிக் கொண்டிருந்தது. அழுத்தமானியின் முள் 200-ஐத் தொட்டிருந்தது. வடிகட்டியின் மூடியருகே 'உஸ்' என்று மெல்லிய ஒலி. அங்கே வேலை செய்த இளைஞர் உடனே ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்தார். அதன் கைப்பிடியில் ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயைச் செருகினார். மூடியில் மாட்டி, கால்களை அகட்டி நின்று இழுக்கத் தயாரானார். மாணவர்கள் ஆர்வத்தோடு நெருங்கினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏலே, கையை எடுலே!"

அறுபது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் ஒருவர் ஓடிவந்து எந்திரத்தை நிறுத்தினார். எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். வடிகால் வால்வை மிக மெதுவாகத் திறந்தார். முள் சுழியத்துக்கு வந்த பிறகும் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு எங்களை உள்ளே அழைத்து, ஸ்பேனர் எதுவும் இல்லாமல், இரண்டு கைகளால் மூடியைத் திருகிக் கழற்றிக் காட்டினார்.

"அண்ணாச்சி, இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் மூடி, கையாலே கழன்று விடுகிறதே!" என்றேன்.

"அதான் சார் அதோட அழகே. இது தண்ணிக் குழாய் ஜாயின்ட் இல்ல. ஒழுகுதுன்னா இறுக்கக் கூடாது, காத்தை இறக்கணும். கையால தொறக்க வரலேன்னா, உள்ள இன்னும் காத்து இருக்குன்னு அர்த்தம்."

இந்த மூன்று வாக்கியங்களில் ஒரு பருவத்துக்குரிய இயற்பியல் அடங்கியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

அந்த மூடியின் அடைப்பு விட்டம் ஏறத்தாழ 7 செ.மீ. அதன் பரப்பு 38.5 சதுர செ.மீ. 200 பார் என்பது ஒரு சதுர செ.மீ.க்கு 204 கிலோகிராம்-எடை. இரண்டையும் பெருக்கினால் 7,850 கிலோகிராம்-எடை கிடைக்கும். அதாவது ஏறக்குறைய 8 டன். நன்கு வளர்ந்த இரண்டு ஆண் யானைகள் அந்தச் சின்ன மூடியை உள்ளேயிருந்து மேலே தள்ளிக் கொண்டிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அந்த யானைகளை அடக்கி வைத்திருப்பவை மரையின் சில சுற்றுகளே.

8 டன் விசையால் அழுந்தியிருக்கும் மரையைத் திருப்ப வேண்டுமானால் எவ்வளவு முறுக்குவிசை தேவை? உராய்வுக் குணகம் 0.15 என்று கொள்ளுங்கள். உராய்வு விசை 1,180 கிலோகிராம்-எடை அளவுக்கு வருகிறது. மரையின் ஆரம் 3.75 செ.மீ. என்றால் முறுக்குவிசை சுமார் 44 கிலோகிராம்-மீட்டர். வெறுங்கையால் இதை யாராலும் திருப்ப முடியாது. இயற்கையே அங்கே ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. ஆனால் ஒரு மீட்டர் நீளக் குழாயின் முனையில் 44 கிலோகிராம்-எடை விசை கொடுத்தால் போதும், அந்தப் பூட்டு உடைந்துவிடும்! நெம்புகோல் தத்துவம் நமக்கு நண்பன் என்றே படித்து வந்திருக்கிறோம். அன்று அது யாருக்கு நண்பனாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இறுக்குவதாக நினைத்துத் திருப்பும்போது, 8 டன் சுமையில் ஒன்றோடொன்று உரசும் மரைகள் பிய்ந்து போகலாம். அவசரத்தில் திசை மாறித் திருப்பினாலோ சொல்லவே வேண்டாம்.

ஒன்றரை லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு வடிகட்டியில் 200 பார் அழுத்தத்தில் அடைந்து கிடக்கும் காற்று திடீரென விரிவடைந்தால் வெளிப்படக் கூடிய ஆற்றல் ஏறத்தாழ 58,000 ஜூல். ஒரு டன் எடையுள்ள மோட்டார் காரை 6 மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது.

முள் சுழியத்துக்கு வந்த பிறகும் அண்ணாச்சி ஏன் காத்திருந்தார்? அந்த அழுத்தமானியின் அளவுகோல் 400 பார் வரை செல்வது. அதில் 20 பார் என்பது சுழியத்தை ஒட்டிய ஒரு சிறு நகர்வு. முள் லேசாகச் சிக்கியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த 20 பாரும் மூடியை 785 கிலோகிராம்-எடை விசையோடு தள்ளும். ஆகவே அவர் தம் கையையே இரண்டாவது அழுத்தமானியாகப் பயன்படுத்தினார். ஒரே கருவியை நம்பாமல், வேறொரு தத்துவத்தில் இயங்கும் இன்னொரு கருவியால் சரிபார்ப்பது என்பதைத்தான் நாம் ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருக்கிறோம். சொல்கிறோமே தவிர, எத்தனை பேர் செய்கிறோம்?

சரி, கையால் திருகிய மூடி 200 பார் காற்றை எப்படி ஒழுகாமல் அடைக்கிறது? விடை அந்த ரப்பர் வளையத்தில் இருக்கிறது. குறுக்குவெட்டில் வட்டமாக இருக்கும் இவ்வளையத்தை ஓ-ரிங் என்பார்கள். டென்மார்க்கில் 1865-இல் பிறந்து 1891-இல் அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற பொறியாளர் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1937-இல். அப்போது அவருக்கு வயது 72! காப்புரிமை 1939-இல் கிடைத்தது. வளையங்களை வைத்து அடைப்பது அதற்கு முன்பும் உண்டு. வளையம் உட்காரும் பள்ளத்தை வளையத்தின் தடிமனைவிடச் சற்று அகலமாக வெட்டியதில்தான் அவருடைய நுட்பம் இருக்கிறது. அந்தச் சிறு இடைவெளி எதற்கு என்று பாருங்கள்.

மூடியைத் திருகும்போது பள்ளத்தில் உள்ள வளையம், எதிர்ச்சுவரில் பட்டு, தன் தடிமனில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை நசுங்குகிறது. தொடக்கத்தில் உள்ள அடைப்பு இவ்வளவே. பிறகு காற்றின் அழுத்தம் ஏறுகிறது. அது வளையத்தைப் பள்ளத்தின் மறுஓரத்துக்குத் தள்ளுகிறது. ரப்பரின் வடிவத்தை எளிதில் மாற்றலாம். ஆனால் அதன் பருமனைக் குறைப்பது மிகக் கடினம். இந்த வகையில் அது ஒரு நீர்மத்தைப் போன்றது. பாஸ்கல் விதி நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் கொடுத்த அழுத்தத்தை ரப்பர் எல்லாப் பக்கமும் பரப்புகிறது. எனவே வளையம் சுவரை அழுத்தும் அழுத்தம் காற்றின் அழுத்தத்தோடு தொடக்க நசுக்கலும் சேர்ந்ததாகும். காற்று 50 பார் என்றால் அடைப்பு 50-க்குச் சற்று மேல். காற்று 200 என்றால் அடைப்பு 200-க்குச் சற்று மேல். தப்பிக்க முயலும் காற்றே தன் கதவைத் தாழிட்டுக் கொள்கிறது!

இதைப் போன்ற ஒன்று உங்கள் வீட்டுச் சமையலறையிலும் உண்டு. மூடி உட்புறமாகப் பொருந்தும் பிரஷர் குக்கரை அம்மா மூடுவதைக் கவனியுங்கள். பெரிதாக இறுக்குவதே இல்லை. நீராவியே மூடியை வளையத்தின்மீது அழுத்திக் கொள்கிறது. அந்த வளையம் தளர்ந்து நீராவி கசியும்போது, அதைக் குளிர்ந்த நீரில் போட்டெடுத்து நான்கு நாள் ஓட்டுவதும் நம் வீடுகளில் நடப்பதுதான். குக்கரில் இருப்பது ஒரு வளிமண்டல அளவுக்குக் கூடுதல் அழுத்தம்; கசிந்தால் சாதம் வேகத் தாமதமாகும். 200 வளிமண்டலத்தில் இந்தச் சிக்கனத்தைக் காட்ட முடியாது.

ஆக, வடிகட்டி மூடியில் இரண்டு வேலைகள் இரண்டு பேருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கின்றன. பிடிப்பது மரையின் வேலை. அடைப்பது வளையத்தின் வேலை. வளையம் பழுதானால் மரையை இறுக்குவதால் பயனில்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் கதை வேறு. அங்கே சணல் சுற்றியோ வெள்ளை டேப் சுற்றியோ மரையையே அடைப்பாகவும் பயன்படுத்துகிறோம். அங்கே பழகிய கை இங்கே வந்து அதையே செய்கிறது. வடிகட்டி மூடியின் மரையில் டேப் சுற்றுவது வீண்வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட. பிய்ந்த டேப் துணுக்குகள் உள்ளே போய் வால்வில் உட்கார்ந்து கொள்ளும்.

வளையம் எப்படியெல்லாம் கெடுகிறது என்பது தனிக் கதை. நெடுநாள் நசுங்கியே கிடந்த ரப்பர் தன் மீள்திறனை இழந்து அப்படியே தங்கிவிடும். கழற்றிப் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அண்ணாச்சி அன்று எடுத்த வளையமும் அப்படித்தான் இருந்தது. மூடிக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து தேய்ந்து பெரிதாகிவிட்டால், ரப்பர் பற்பசையைப் போல அந்தச் சந்தில் பிதுங்கி ஓரம் கிழியும். இதைத் தடுக்கவே சில இடங்களில் ரப்பர் வளையத்துக்குப் பின்னால் கெட்டியான பிளாஸ்டிக் வளையம் ஒன்றைத் துணைக்கு வைக்கிறார்கள். எண்ணெயைத் தாங்காத ரப்பரைப் போட்டால் அது ஊறி உப்பிவிடும். பார்க்க ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும் இரண்டு வளையங்கள் முற்றிலும் வேறு வேறு ரப்பரால் ஆனவையாக இருக்கலாம். கடையில் 'அளவு சரியாக இருக்கிறது' என்று வாங்கி வருவது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. உயர் அழுத்தத்தில் காற்று ரப்பருக்குள்ளேயும் கரைந்து புகுந்து விடுகிறது. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே கரைந்த காற்று வெளியேற வழியின்றி ரப்பருக்குள்ளேயே குமிழியாகி அதைக் கொப்புளமாக்கும், பிளக்கும். சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைப்பது போலத்தான். ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலேறும் மனிதனின் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழியாவதும் இதே தத்துவம்தான். மூழ்குபவரை மெதுவாக மேலே வரச் சொல்கிறோம். அவருடைய காற்றை அடைத்துத் தரும் வளையத்துக்கும் அதே மரியாதையைக் காட்ட வேண்டும். அண்ணாச்சி வால்வை மெதுவாகத் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிரில் ரப்பர் விறைத்துவிட்டால் என்னவாகும் என்பதை உலகம் 1986 ஜனவரி 28-ஆம் நாள் பார்த்தது. சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் பக்க ராக்கெட்டில் இணைப்பை அடைக்க வேண்டிய வளையங்கள் குளிரில் உரிய நேரத்தில் மீண்டு நிற்காததால் 7 பேர் மாண்டனர். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டை ஒரு கிடுக்கியில் நசுக்கிப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி எடுத்துக் காட்டியது புகழ்பெற்ற நிகழ்ச்சி. நோபல் பரிசு பெற்றவருக்கு ஒரு ரப்பர் வளையம் இயற்பியலாகத்தான் தெரிந்தது.

இதுவரை சொன்னது வெளிக்கசிவு. அது 'உஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் வரும். சந்தேகமாக இருந்தால் சோப்பு நீரைத் தடவிக் குமிழியைப் பார்க்கலாம். (விரலை வைத்துத் தேடக் கூடாது. உயர் அழுத்தக் காற்றுத் தாரை தோலைத் துளைத்துவிடும்.) ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது உள்கசிவு. குழலுக்குள் உட்காரும் கார்ட்ரிட்ஜின் அடியிலும் சிறு வளையங்கள் உண்டு. அவை பழுதானாலோ அவற்றைப் போட மறந்தாலோ, காற்று கரியையும் சல்லடையையும் கடந்து செல்லாமல் சுற்றுவழியில் நழுவி உருளைக்குள் போய்விடும். சத்தம் இல்லை. அழுத்தமானியில் மாற்றம் இல்லை. சோப்பு நீரில் குமிழி இல்லை. எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும். இதை உணர்ந்த சில தயாரிப்பாளர்கள் ஒரு நல்ல தந்திரம் செய்திருக்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் உள்ளே இல்லாவிட்டால், அதன் வளையம் அடைத்திருக்க வேண்டிய ஒரு துளை வழியாகக் காற்று வெளியேறிவிடும், அழுத்தமே ஏறாது. தவறு தானாகவே கூச்சல் போடும்படி செய்துவிட்டார்கள். எல்லா எந்திரங்களிலும் இந்த வசதி கிடையாது.

உள்கசிவினால் என்ன வந்துவிடும்? காற்றமுக்கியின் உள்ளே எண்ணெய் அளவுமீறிச் சூடானாலோ, அதை ஓட்டும் பெட்ரோல் எஞ்சினின் புகை உறிஞ்சுகுழாயில் கலந்தாலோ, கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் விருப்பத்தோடு அதைப் பற்றிக் கொள்கிறது. தரையில் பெரிய தீங்கு செய்யாத அளவே கடலடியில் தீங்காகிவிடும். 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 4 வளிமண்டலம். எனவே பத்து லட்சத்தில் 20 பங்கு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்று, அங்கே தரைமட்டத்தில் 80 பங்கு கலந்த காற்றுக்குச் சமமாக வேலை செய்யும். டால்டனின் பகுதி அழுத்த விதியைப் பரீட்சைக்காக நாம் மனப்பாடம் செய்கிறோம். சுவாசக் காற்றுக்கான ஐரோப்பியத் தரக்கட்டுப்பாடு இந்த வாயுவைப் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஒரு சிறு வளையம் சரியாக உட்காராததால் இந்தக் கட்டுப்பாடுகள் அனைத்தும் பொருளற்றுப் போகக்கூடும்.

இனி மரைக்கு வருவோம். மரையில் பத்துச் சுற்றுகள் இருந்தால் சுமையைப் பத்தும் சமமாகப் பகிர்ந்து கொள்ளும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. சுமையை முதலில் சந்திக்கும் சுற்றே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வாங்கிக் கொள்கிறது. அடுத்தது அதைவிடக் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. எனவே மரை எங்கோ நடுவில் பளபளவென்று இருப்பதைப் பார்த்து மகிழ்வதில் பொருளில்லை. அந்த முதல் சுற்றைத்தான் வெளிச்சத்தில் பிடித்து, முடிந்தால் உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். அதோடு, எந்திரத்தை ஓட்டி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இந்த யானைச் சுமை ஏறி இறங்குகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவது போல உலோகமும் களைத்துப் போகும். அலுமினியக் கலவைகளுக்கு 'இதற்குக் கீழே எத்தனை முறை ஏற்றினாலும் கவலையில்லை' என்று சொல்லத்தக்க எல்லை கிடையாது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் வடிகட்டிக் கூட்டுக்கு இத்தனை முறைதான் என்று ஆயுள் வரையறுக்கிறார்கள். அதைக் கணக்கு வைக்கப் பதிவேடு தேவை. பதிவேடு எழுதுவதை வீண்வேலையாகக் கருதும் இடத்தில் மூச்சுக்காற்று நிரப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஈரமும் மரைக்குப் பகை. 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் கடற்கரையில் அதில் முக்கால் பங்கு எப்போதும் இருக்கும். 12 லிட்டர் உருளையை 200 பாருக்கு நிரப்ப 2.4 கனமீட்டர் காற்று தேவை. அதாவது ஏறத்தாழ 55 கிராம் நீர். அமுக்கப்பட்ட பிறகு அதில் அரை கிராமுக்கும் குறைவாகவே ஆவியாக இருக்க முடியும். மற்றதெல்லாம் நீராகப் பிரிந்து வழியில் தங்கிவிடும். ஒரே ஓர் உருளைக்கு ஒரு சிறு டம்ளர்! இந்த நீரை அவ்வப்போது வடிக்காவிட்டால் அது மேலேறி, கடலோர உப்பும் சேர்ந்து, அலுமினிய மரையில் வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும். அந்தப் பொடி முதலில் இருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்வதால் மூடி இறுகிப் போகிறது. பிறகு ஸ்பேனர், பிறகு குழாய்!

பராமரிப்பு முறை என்று பார்த்தால் அது மிக எளிமையானது. நைலான் தூரிகையால் மரையைத் துடைப்பது. இரும்புத் தூரிகை கூடாது. வளையத்தைத் திருப்புளியால் நோண்டாமல் மர அல்லது பிளாஸ்டிக் குச்சியால் எடுப்பது. பள்ளத்தில் விழும் ஒரு கீறல் காற்றுக்கு ஒரு வாய்க்கால். தயாரிப்பாளர் சொன்ன பசையை, வளையம் பளபளக்கும் அளவுக்கு மட்டும், தடவுவது. அதிகமானால் தூசியைச் சேர்க்கும். ஆக்சிஜன் செறிவூட்டிய காற்றைக் கையாளும் எந்திரத்தில் சாதாரண கிரீஸை வைக்கவே கூடாது, அங்கே அது எரிபொருளாகிவிடும். மூடியைப் பொருத்தும்போது முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் 'டக்' என்று மரை இறங்கும். அங்கிருந்து நேராகத் திருகினால் கோணல்மாணலாக ஏறாது. இந்த 'டக்' ஒலியை வீட்டில் ஊறுகாய்ப் பாட்டிலிலேயே நீங்கள் கேட்கலாம். இன்றே முயன்று பாருங்கள்.

மரை ஏறிவிட்டால் மட்டும் அது சரியான மரை ஆகிவிடாது. 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்குப் பொது அளவு வேண்டும் என்று வாதாடும் வரை ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. இன்றும் உலகம் ஒரே அளவுக்கு வந்துவிடவில்லை. மூழ்குவோரின் உருளைகளில் 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. புரியிடைத் தூரமும் கொண்ட மெட்ரிக் மரையும் உண்டு. முக்கால் அங்குலம் என்று பெயர் பெற்ற, உண்மையில் 26.4 மி.மீ. விட்டமும் 1.81 மி.மீ. புரியிடைத் தூரமும் கொண்ட பழைய மரையும் உண்டு. மெட்ரிக் வால்வை முக்கால் அங்குல உருளையில் வைத்துத் திருகினால் சில சுற்று ஏறிவிடும். பிடிப்பது போலவே இருக்கும். மரைகளின் நுனிகள் மட்டுமே தொட்டுக் கொண்டிருக்கும். அழுத்தம் ஏறியதும் வால்வு பீரங்கிக் குண்டாகப் பறக்கும். இப்படி உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, புரியிடைத் தூரத்தில் 0.19 மி.மீ.

புரியிடைத் தூரம்! இந்தச் சொல்லை எங்கே கேட்டீர்கள்? ஆய்வுக்கூடத்தில், திருகு அளவியில். ஒவ்வொரு மாணவரும் புரிக்கோல் அளவு, தலைக்கோல் அளவு, சுழிப்பிழை என்று பக்கம் பக்கமாக எழுதிக் கம்பியின் விட்டத்தைக் கண்டுபிடிக்கிறீர்கள். அந்தக் கருவியே ஒரு மரைதான் என்பதையும், பட்டறைக்காரர் மரை என்பதைத்தான் பாடநூல் புரி என்கிறது என்பதையும் நாங்கள் யாரும் உங்களுக்குச் சொன்னதில்லை. இது ஆசிரியர்களாகிய எங்கள் குறை. இயற்பியலை எழுதும் கை வேறு, ஸ்பேனர் பிடிக்கும் கை வேறு என்று பிரித்து வைத்துவிட்டோம். அன்று குழாயைச் செருகிய இளைஞர் பள்ளியில் அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு என்று எழுதி மதிப்பெண் வாங்கியவராகத்தான் இருப்பார். அந்தச் சமன்பாடு தமக்கு முன்னால், தம் மார்புக்கு நேராக நின்று கொண்டிருந்ததை அவர் அறியவில்லை. அண்ணாச்சி அறிந்திருந்தார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

ஆகவே பள்ளி ஆய்வுக்கூடங்களில் ஒரு பழைய வால்வையும், நாலைந்து ரப்பர் வளையங்களையும், வெவ்வேறு மரை கொண்ட திருகுகளையும் வாங்கி வையுங்கள் என்று தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக் கொள்கிறேன். பெரிய செலவு ஆகாது. மாணவர்கள் கழற்றட்டும், மாட்டட்டும், கோணலாக ஏற்றிக் கெடுக்கட்டும். அழுத்தம் இல்லாத இடத்தில் கெடுத்துப் பழகியவர்களே அழுத்தம் உள்ள இடத்தில் கெடுக்க மாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: உண்மையான உயர் அழுத்த எந்திரம் எதையும் நீங்களாகத் தொடக் கூடாது. அது பயிற்சி பெற்றவர்கள் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு செய்ய வேண்டிய வேலை.

அந்தத் தட்டையான வளையத்தை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி வந்தேன். அடுத்த வாரம் வகுப்பில் அதைக் கைமாற்றி அனுப்பினேன். பெரும்பாலோர் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கடைசி வரிசை மாணவி ஒருத்தி மட்டும் ஆய்வுக்கூடத்துக்குப் போய் வெர்னியர் அளவியை எடுத்து வந்து அளந்தாள். ஒரு பக்கமாக 3.5 மி.மீ., மறுபக்கமாக 2.9 மி.மீ.

"இதைச் செய்முறைப் பதிவேட்டில் எழுதலாமா, சார்?" என்று கேட்டாள்.

எழுதச் சொன்னேன்.

"எந்தத் தலைப்பில் எழுத?"

"மீள்திறன்" என்றேன்.